கூடு விட்டுக் கூடு பாயுமா கணிப்பொறி?

விக்கிரமாதித்தன் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை ஒன்று வரும். அரசன் தன் உடலை மறைவாகக் கிடத்திவிட்டு, உயிரை மட்டும் ஒரு கிளியின் உடலுக்குள் புகுத்திக்கொள்வான். அவனுடைய அறிவு, நினைவு, பழக்கம் எல்லாம் அவனோடு கூடவே போகும். ஆனால் வாள் பிடித்த கை அங்கே இராது, இறக்கைதான் இருக்கும். அதை அடிக்கத் தெரியாவிட்டால் அரசனாயினும் கீழே விழ வேண்டியதுதான்.

கணிப்பொறிக்கும் இந்த வித்தை உண்டு. அதைச் செய்து பார்க்க வேண்டிய தேவை இன்று நம் ஊர்களிலேயே நிறைய இருக்கிறது.

திருமானூர், திருமழபாடி, கீழப்பழுவூர் என்று கொள்ளிடத்தின் வடகரை ஊர்களில் எந்தத் தெருவுக்கும் போங்கள். பீரோவின் மேல்தட்டிலோ, அரிசி மூட்டைக்குப் பக்கத்து அலமாரியிலோ, பழைய புடவையில் சுற்றிய மடிக்கணினி ஒன்று பல வீடுகளில் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த அண்ணனுக்கோ கல்லூரிக்குப் போன அக்காவுக்கோ கிடைத்தது அது. எல்காட் நிறுவனம் ஆண்டுதோறும் ஒப்பந்தம் கோரி, லட்சக்கணக்கில் வாங்கித் தந்த பொறிகள் அவை. ஓர் ஆண்டு ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, மறு ஆண்டு வேறொன்று. ஏசர், லெனோவா, எச்.சி.எல். என்று பல பெயர்களை அவற்றின் மூடிகளில் காணலாம். இந்த வேற்றுமையை நினைவில் வையுங்கள். நம் கதையின் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

இப்போது ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அண்ணனின் கணிப்பொறியில் மதர்போர்டு போய்விட்டது. பழுது பார்க்கும் கடையில் கேட்டால், பழுது நீக்கும் செலவில் பாதிக்கு வேறு பழைய கணிப்பொறியே வாங்கலாம் என்கிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது. அக்காவின் கணிப்பொறியிலோ ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மற்றவை நலம். அண்ணன் டிஸ்கைக் கழற்றி அக்கா கணிப்பொறியில் மாட்டினால் என்ன ஆகும்? அதே திரை, அதே படங்கள், அதே மென்பொருள்கள் எல்லாம் அப்படியே எழுந்து வருமா?

வரலாம், வராமலும் போகலாம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாதா?

முதலில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட வேண்டும். பல சமயங்களில் போதும். புகைப்படங்கள், பாட்டுக்கள், பாடக் குறிப்புகள் இவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, புதுக் கணிப்பொறியில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொள்வதே எளிய வழி.

ஆனால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் அடித்துத் தரும் டி.டி.பி. கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவரிடம் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கும். பெரும்பாலும் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. இந்த எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தால் வேலை செய்தன. கணிப்பொறியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு மட்டும் அந்த ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் தமிழ் வடிவத்தைத் திரையில் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத வேறு கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழுக்கு யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010 ஜூனில் தரமாக ஏற்றது. அதற்கு முன் அடித்து வைத்தவை தாமாக மாறிவிடுமா என்ன?

எழுத்துரு, பேஜ்மேக்கர், அச்சுப்பொறியின் அமைப்பு, தட்டச்சு மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் இத்தகைய கடைக்காரருக்குக் கோப்புகளை மட்டும் பிரித்தெடுப்பது, தறியிலிருந்து பாவை மட்டும் உருவுவது போன்றது. குறுந்தட்டுகள் எப்போதோ தொலைந்திருக்கும். சில மென்பொருள்களை விற்ற நிறுவனமே இன்று இராது. அவர் வேண்டுவது, நிறுவப்பட்ட அமைப்பு முழுவதும் அப்படியே வேறு பொறிக்குப் போக வேண்டும் என்பது. அதைத்தான் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்கிறோம்.

முதல் 512 பைட்

மின்சாரப் பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியில் என்ன நடக்கிறது? அந்த வினாடியில் அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சில்லுக்குள் பயாஸ் என்னும் சிறு மென்பொருள் குடியிருக்கிறது. அது விழித்தெழுந்து, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்கின் முதல் துண்டை எடுத்துப் படிக்கும். அந்தத் துண்டின் அளவு 512 பைட். நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்க எழுத்துக்கூட இல்லை!

அதில் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட், டிஸ்க் எப்படிப் பாகம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் பட்டியல். பாகத்துக்கு 16 பைட். ஆகவே நாலு முதன்மைப் பாகங்களுக்குத்தான் இடம். கடைசி 2 பைட் வெறும் முத்திரை. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் அந்தக் குட்டி நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். குட்டி நிரல் தன்னைவிடப் பெரிய ஒரு நிரலைத் தேடி எழுப்பும். லினக்ஸில் அதன் பெயர் கிரப். கிரப் இயக்க அமைப்பின் கருவை எழுப்பும். இப்படிச் சிறியவன் பெரியவனை எழுப்பி, பெரியவன் அவனிலும் பெரியவனை எழுப்பி, கடைசியில் உங்கள் திரையில் படம் தோன்றுகிறது.

முதல் ஆண்டுகளில் தரப்பட்ட அரசு மடிக்கணினிகள் பலவற்றில், இந்த இடத்தில் நின்று ஒரு பட்டியல் காட்டுவதை அண்ணன்மார் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் ஒரு வரி, பாஸ் லினக்ஸ் ஒரு வரி. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இந்திய இயக்க அமைப்பு, 2007இல் வெளிவந்தது, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான மாணவர்கள் அந்த இரண்டாம் வரியைத் திறந்து பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம். இழப்பு அவர்களுடையதே. கூடு மாறும் வித்தையில் அந்த இரண்டாம் வரிதான் கெட்டிக்காரன் என்பதைச் சற்று நேரத்தில் காண்பீர்கள்.

டிஸ்கை மாற்றி மாட்டும்போது, மேலே சொன்ன 512 பைட்டும் அதோடு போய்விடுகிறது. ஆகவே பழைய பயாஸ் வகைப் பொறியிலிருந்து இன்னொரு பயாஸ் வகைப் பொறிக்குப் போனால் இதுவரை தடையில்லை.

புதிய பொறிகளில் பயாஸுக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் முறை வந்துவிட்டது. அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. எந்த டிஸ்கில் எந்த நிரலை எழுப்ப வேண்டும் என்னும் குறிப்பை அது டிஸ்கில் எழுதி வைப்பதில்லை. மதர்போர்டிலுள்ள நினைவுச் சில்லில் எழுதி வைக்கிறது. டிஸ்கைக் கழற்றினால் குறிப்பு பழைய பொறியிலேயே தங்கிவிடும். வீடு மாறியவர் தபால்காரரிடம் புது முகவரி சொல்லாமல் போன கதைதான். நல்ல வேளையாக, குறிப்பு இல்லாவிட்டால் தேடிப் பார்க்கவென்று டிஸ்கில் ஒரு பொது இடம் விதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நிரலின் நகல் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால், நல்ல டிஸ்கை வைத்துக்கொண்டே 'டிஸ்க் இல்லை' என்னும் பதிலைக் கேட்க வேண்டியிருக்கும். பலர் இந்த இடத்தில் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, உள்ளே இருப்பதை அழித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மதகு தெரிந்த ஆள்

இயக்க அமைப்பின் கரு எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சோதனை இனிமேல்தான்.

புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் ஊர்களில் உள்ளவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். 'வடக்கு வயலுக்குத் தண்ணீர் விடு' என்று சொல்வது யாருக்கும் எளிது. எந்த மதகை எவ்வளவு தூக்க வேண்டும், எந்த மடையை அடைக்க வேண்டும் என்பது அந்த வாய்க்காலில் பழகிய ஆளுக்குத்தான் தெரியும். கரைவெட்டி ஏரியில் மதகு திறக்கிறவரைக் கொண்டுபோய் வேறோர் ஏரிக்கரையில் நிறுத்தினால், தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தும் அவர் கைகட்டி நிற்பார்.

கணிப்பொறியில் அந்த ஆளின் பெயர் டிரைவர். 'டிஸ்கிலிருந்து இந்தப் பகுதியைப் படி' என்று கரு கட்டளையிடும். அந்தப் பொறியில் டிஸ்கைக் கட்டுப்படுத்தும் சில்லு எது, அதற்கு எந்த மின்குறி தர வேண்டும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். திரைக்கு ஒரு டிரைவர், ஒலிக்கு ஒரு டிரைவர், கம்பியில்லா இணையத்துக்கு ஒரு டிரைவர். பொறி மாறினால் சில்லுகள் மாறும். சில்லு மாறினால் டிரைவரும் மாற வேண்டும்.

ஒலிக்கு டிரைவர் இல்லாவிட்டால் பாட்டுக் கேட்காது, அவ்வளவுதான். டிஸ்குக்கு டிரைவர் இல்லாவிட்டால்? இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு விழுகிறது. டிரைவர் டிஸ்கில் இருக்கிறது. டிஸ்கைப் படிக்க டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை! விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் இப்படி டிஸ்க் மாற்றியவர்கள் பலர் கண்டது ஒரு நீலத் திரையைத்தான். அதில் 7பி என்று முடியும் பிழை எண் இருக்கும். 'நான் எழுந்துவிட்டேன், ஆனால் எந்த டிஸ்கிலிருந்து எழுந்தேனோ அதை என்னால் பார்க்க முடியவில்லை' என்பது அதன் பொருள்.

இதில் ஒரு வியப்பு. டிஸ்கை மாற்றவே வேண்டாம். ஒரே பொறியில் பயாஸ் அமைப்புக்குள் போய், டிஸ்க் வேலை செய்யும் முறையை ஐ.டி.இ. என்பதிலிருந்து ஏ.எச்.சி.ஐ. என்பதற்கு மாற்றினாலே விண்டோஸ் 7 இந்த நீலத் திரையைக் காட்டிவிடும். நிறுவிய நாளில் எந்த முறை கண்ணில் பட்டதோ அதற்குரிய டிரைவரை மட்டும் அது தொடக்கத்தில் எழும்படி குறித்து வைத்திருந்தது. மற்றதை உறங்க விட்டிருந்தது. ஆகையால் நீலத் திரை கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான். பழைய பொறியில் எந்த முறை இருந்ததோ அதையே புதுப் பொறியிலும் வைத்தால், பல சமயம் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான். விண்டோஸ் 10 இவ்வளவு பிடிவாதம் செய்வதில்லை. புதுப் பொறியில் முதல்முறை எழும்போது சில நிமிடம் எடுத்துக்கொண்டு, சாதனங்களை ஆயத்தம் செய்வதாகச் சொல்லி, பெரும்பாலும் எழுந்துவிடும்.

லினக்ஸ் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. கிரப் கருவை எழுப்பும்போதே, அதன் கையில் ஒரு சிறு மூட்டையையும் கொடுத்துவிடுகிறது. அந்த மூட்டையை இனிட்ராம்எஃப்எஸ் என்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்; கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைத் தொடுவதற்கு முன் தேவைப்படும் டிரைவர்கள் எல்லாம் அதில் கட்டப்பட்டிருக்கும். டெபியனில் வழக்கமாக இந்த மூட்டை தாராளமாகக் கட்டப்படுகிறது. இந்தப் பொறிக்கு வேண்டியதை மட்டுமன்றி, உலகில் பரவலாக உள்ள டிஸ்க் சில்லுகள் பலவற்றுக்கும் டிரைவர் அதில் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, 'இந்தப் பொறிக்கு மட்டும் கட்டு' என்று மாற்றவும் வழி உண்டு. அப்படி மாற்றியவர், கூடு பாய்வதற்கு முந்தின நாள் மறக்காமல் தாராள முறைக்குத் திரும்பி, மூட்டையை மறுபடி கட்ட வேண்டும்.

தன்னிடமுள்ள டிரைவர்களில் எது எந்தச் சில்லுக்கு உரியது என்று கருவுக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு சில்லும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று செய்த நிறுவனத்தின் எண், மற்றொன்று பொருளின் எண். ஒவ்வொன்றும் 16 பிட் நீளம்; ஆகவே 65,536 வகை சாத்தியம். என்விடியாவின் எண் 10டிஇ. ரியல்டெக்கின் எண் 10இசி. இன்டெல் நிறுவனத்தின் எண் என்ன தெரியுமா? 8086. அந்த நிறுவனம் 1978இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுதான். குல தெய்வத்தின் பெயரை வீட்டுக்கு வைப்பது நம் வழக்கம் மட்டுமன்று போலும்! ஒவ்வொரு முறை எழும்போதும் லினக்ஸ் இந்த எண்களைப் புதிதாகக் கேட்டு, பட்டியலில் பார்த்து, உரிய டிரைவரை அழைக்கிறது. நேற்று எந்த உடலில் இருந்தோம் என்பதைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

ஆனால் பட்டியலுக்கும் வயது உண்டு. 2012இல் கட்டிய கருவின் பட்டியலில் 2017இல் பிறந்த சில்லின் எண் எப்படி இருக்கும்? அண்ணனின் டிஸ்கில் உள்ள பாஸ் லினக்ஸை ஐந்தாறு ஆண்டு இளைய பொறியில் மாட்டினால், அது எழலாம்; ஆயினும் திரை மங்கலான குறைந்த அளவில் தெரியலாம், கம்பியில்லா இணையம் கிடைக்காமல் போகலாம். புதிய உடலிலிருந்து பழைய உடலுக்குப் போவது எளிது. பழையதிலிருந்து மிகப் புதியதற்குப் போவது கடினம். விக்கிரமாதித்தன் கதையில் இந்த விதியை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு சிக்கல், 64 பிட் அமைப்பை 32 பிட் செயலியில் ஏற்ற முடியாது. மறுதலை ஏறும். கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் செயலிக்கோ இன்டெல் வகைக் கட்டளைகளின் மொழியே புரியாது. அங்கே டிரைவர் பேச்சுக்கே இடமில்லை.

வேற்று மொழி பேசும் பொறி

அப்படியானால் வேறு மொழி பேசும் செயலிக்கு ஓர் இயக்க அமைப்பு போகவே முடியாதா? போனது, அது சுவையான வரலாறு.

1960களில் ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் தனித்தனி இயக்க அமைப்பு எழுதினார்கள், அந்தந்தச் செயலியின் மொழியிலேயே. பொறி பழசானால் அமைப்பும் அதோடு உடன்கட்டை ஏறும். பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸும் முதலில் பி.டி.பி.-7 என்னும் பொறியின் மொழியில்தான் பிறந்தது. 1973இல் அதைச் 'சி' என்னும் பொது மொழியில் திருப்பி எழுதினார்கள். அந்தச் 'சி' மொழியை ஒரு புதுப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பி கிடைத்தால், யூனிக்ஸும் அந்தப் பொறிக்குப் போகலாம் அல்லவா?

முதலில் போன இடம் அமெரிக்கா அன்று, ஆஸ்திரேலியா. அங்கே வுலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவர், பி.டி.பி. வகையோடு சிறிதும் உறவில்லாத இன்டர்டேட்டா 7/32 என்னும் பொறியில் 1977இல் யூனிக்ஸை ஓட விட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தாரும், இவரைப் பற்றி அறியாமலே, இன்டர்டேட்டா 8/32இல் அதே வேலையில் இறங்கியிருந்தார்கள்.

பயாஸின் பிறப்பும் இதே கால்வழிதான். சி.பி./எம். என்னும் அமைப்பை எழுதிய கேரி கில்டால் 1970களின் நடுவில் ஒரு தொல்லைக்கு ஆளானார். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வட்டுக் கருவியோடு பொறி செய்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் முழு அமைப்பையும் திருத்த வேண்டியிருந்தது. சலித்துப்போய், பொறிக்குப் பொறி மாறும் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்து அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். மற்றதெல்லாம் எல்லாப் பொறிக்கும் ஒன்றே. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டபோது இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. அதன் பயாஸைப் பார்த்து எழுதாமல், அது என்ன செய்கிறது என்னும் விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதிய பயாஸோடு காம்பாக் நிறுவனம் 1983இல் தன் பொறியை விற்கத் தொடங்கியது. ஒரு பொறியின் அமைப்பு இன்னொரு நிறுவனத்தின் பொறியில் ஓடும் என்பது அதற்குப் பிறகு வணிகமாகிவிட்டது. இன்று அண்ணன் டிஸ்கை அக்கா பொறியில் மாட்டலாமா என்று நாம் பேசவே முடிவது அதனால்தான்.

லினக்ஸின் கதை இன்னும் வேடிக்கை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது, இது 386 சில்லை நம்பி எழுதியது, வேறு பொறிக்குப் போகாது, தம்மிடம் உள்ள வகை ஹார்ட் டிஸ்கைத் தவிர மற்றதை ஆதரிக்கவும் ஆதரிக்காது என்ற கருத்தில் எழுதினார். நான்கைந்து ஆண்டுகளில் அது ஆல்பா என்னும் முற்றிலும் வேறான செயலியில் ஓடியது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் இருப்பது அதே கருவின் வழித்தோன்றல்.

செய்முறை

இனி டிஸ்கைக் கழற்றுவோமா? பொறு, பொறு. முதல் வேலை நகலெடுப்பது. பழைய டிஸ்க் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. அதில் உள்ள படங்களுக்கு வேறு பிரதி இல்லை. மருத்துவர்கூட அறுவைக்கு முன் ரத்தம் ஏற்பாடு செய்துகொள்கிறார்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் அமைப்பு வராது. அந்த முதல் 512 பைட் எந்தக் கோப்பிலும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் சில கோப்புகளோ திறந்த நிலையில் இருப்பதால் நகலுக்கு இணங்கா. ஆகவே பென் டிரைவிலிருந்து வேறொரு சிறு லினக்ஸை எழுப்பி, டிஸ்க் உறங்கும்போது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படி எடுக்க வேண்டும். தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. அதற்கு ஒரு நற்குணம்: எழுதப்படாத வெற்றிடத்தை நகலெடுக்காமல் தாண்டிவிடும். டி.டி. என்னும் பழைய யூனிக்ஸ் கட்டளையும் படி எடுக்கும். அதில் எந்த டிஸ்கிலிருந்து, எந்த டிஸ்குக்கு என்று இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் படி எடுக்கப்படும். கேள்வி கேட்காமல் அது அதைச் செய்து முடிக்கும். பெயரை உரக்கப் படித்து, பக்கத்தில் உள்ளவரையும் பார்க்கச் சொல்லி, பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போடலாம். டிஸ்க் 320 ஜிகாபைட். வினாடிக்கு 80 மெகாபைட் ஓடினால் 4,000 வினாடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக வினாடிக்கு 30 மெகாபைட்தான் வரும் என்றால் மூன்று மணி நேரம். மின்தடை நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மாட்டும்போது முரட்டுத்தனமான ஓர் உண்மை எதிர்ப்படும். பழைய மடிக்கணினி டிஸ்குகள் பல 9.5 மில்லிமீட்டர் கனம். மெலிந்த புதுப் பொறிகளின் குழி 7 மில்லிமீட்டர். எந்த மென்பொருளும் இதற்கு உதவாது. அப்போது 7 மில்லிமீட்டர் எஸ்.எஸ்.டி. ஒன்றுக்குப் படி எடுத்து அதை மாட்டுங்கள். அமைப்பும் விரைவாக எழும். புது டிஸ்க் பழையதைவிட ஒரு பைட்கூடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கையால் ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை இறக்கியபின் டிஸ்கைத் தொடுங்கள்.

எழுந்ததும் சில சில்லறைச் சிக்கல்கள் வரும். பழைய லினக்ஸில் டிஸ்க் பாகங்களை முதல் டிஸ்கின் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வரிசைப் பெயரால் எழுதி வைத்திருந்தால், புதுப் பொறியில் வரிசை மாறி வழி தவறும். இப்போது ஒவ்வொரு பாகத்துக்கும் 128 பிட் நீளமுள்ள தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணால் எழுதியிருந்தால் எங்கு மாட்டினாலும் கண்டுபிடித்துவிடும். இணையக் கம்பி செருகியும் இணைப்பு வராவிட்டால், பழைய அமைப்பு தன் முதல் வலைப்பின்னல் அட்டையின் 48 பிட் எண்ணைக் குறித்து வைத்து, அந்த இடத்தைக் காலியாகக் காத்துக்கொண்டிருக்கக் கூடும்; புது அட்டை இரண்டாம் இடத்தில் நிற்கும். குறிப்புக் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி எழுப்பினால் போதும். கம்பியில்லா அட்டைகளில் சில, தமக்குள் ஊட்டப்பட வேண்டிய ஃபர்ம்வேரைக் கேட்கும். டெபியன் தன் 12ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 ஜூனிலிருந்து, இவற்றை நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறது.

விண்டோஸ் எழுந்தாலும் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. கணிப்பொறியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸின் உரிமம் அந்தப் பொறிக்கே உரியது. வேறு பொறியில் அது 'நான் மெய்யானவன் அல்லன்' என்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இந்தக் கணக்கையும் பார்த்துத்தான், கூடு மாற வேண்டியது விண்டோஸா லினக்ஸா என்று முடிவு செய்ய வேண்டும். டி.டி.பி. கடைக்காரருக்கு வேறு தேர்வில்லை. அவர் புது உரிமம் வாங்க வேண்டும். உங்களுக்குத் தேர்வு உண்டு.

இன்னொரு பூட்டும் உண்டு. இதை அறியாமல் தவித்தவர்கள் பலர். புதிய விண்டோஸ் பொறிகள் சில, டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கி, திறவுகோலை மதர்போர்டில் உள்ள காவல் சில்லில் வைக்கின்றன. அப்படிப்பட்ட டிஸ்கை வேறு பொறியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையேல், உள்ளே இருக்கும் அத்தனையும் இருந்தும் இல்லாததுதான். மதர்போர்டு போனபின் அந்த எண்ணைத் தேடத் தொடங்கினால் கிடைக்காமலும் போகலாம். பொறி நன்றாக ஓடும்போதே அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டில்தான், அதே கணிப்பொறியில் அன்று!

வீட்டில் லினக்ஸ் ஓடும் பொறி இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கட்டளைத் திரையைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் ஐந்து எழுத்துக் கட்டளையை, எண்களையும் காட்டும்படி, கொடுங்கள். வரிசையாக இரட்டை எண்கள் வரும். எத்தனை இரட்டைகள் 8086 என்று தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். பிறகு நண்பனின் பொறியிலும் அதையே செய்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தெந்த வரிகள் வேறுபடுகின்றனவோ, உங்கள் டிஸ்கை அங்கே மாட்டினால் அந்தந்த இடத்தில் வேறு டிரைவர் தேவைப்படக்கூடும்.